பகலில் பட்டினி, இரவில் பரோட்டா: மிகையுண்ணலில் இருந்து மீண்ட ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் எழுத ஒப்புதல் தந்திருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி வயது, குடும்பம், வேலை பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சாப்பாடு பற்றிய விவரங்களில் கை வைக்கவில்லை.

பின்னணி

காவிரிப் படுகை நகரம் ஒன்றில் வங்கி அதிகாரி. நாற்பதை நெருங்கும் வயது. மனைவி ஆசிரியை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கூடவே தாயார். மனநல ஆலோசனை தேடி அவர் வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கு. எடையைக் குறைக்க வேண்டும் என்று குடும்ப மருத்துவர் சொன்னதும், "குறைச்சேன் சார். பல தடவை குறைச்சேன். ஒவ்வொரு தடவையும் குறைச்சதுக்கு மேலயே ஏறிடுது" என்றிருக்கிறார்.

மருத்துவர் அத்தோடு விடாமல், "ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். பதில் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்த பதிலைக் கேட்டுவிட்டுத்தான் மனநல ஆலோசனை தரும் என்னிடம் அனுப்பினார்.

எடை குறைப்பில் அவர் பார்க்காத முறை குறைவு. முதலில் மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறை. வேகமாக இளைத்தார், அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள், ஒரு வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடும் முறை. அதற்கப்புறம் சாதத்தை அறவே விடுவது, காலையில் வெந்தயத் தண்ணீர் மட்டும் குடிப்பது என்று போனது. என்னிடம் வந்தபோது பெயர் சொல்லக்கூடிய எந்த முறையிலும் அவர் இல்லை. எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு விதியை எடுத்துக்கொண்டு வாழ்ந்துகொண்டிருந்தார்.

முதல் சந்திப்பில் தெரிந்தவை

ஒரு வேலைநாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். காலையில் சர்க்கரை இல்லாத காபி. மனைவி கட்டித்தரும் மதியச் சாப்பாட்டில் காயை மட்டும் தின்றுவிட்டு, சாதத்தை அலுவலகத்தின் பின்னால் திரியும் நாய்களுக்குப் போட்டுவிடுவார். மாலையில் ஒரு டீ. கிளையைப் பூட்டிக்கொண்டு கிளம்ப ஏழரை ஆகும்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் பரோட்டா, சால்னா. அதே சாலையில் தள்ளி இன்னொரு கடையில் முட்டைக் கொத்து. பேக்கரியில் ஒரு பொட்டலம் வாங்கி, பைபாஸ் ஓரம் வண்டியை நிறுத்தி இருட்டில் நின்றே தின்று முடிப்பார். பிறகு வீட்டில் ஒன்றும் நடக்காததுபோல் தாயார் முன்னால் உட்கார்ந்து இரண்டு இட்லி. "என்னடா, ரெண்டோட எந்திரிக்கிற?" என்று அம்மா வருத்தப்படுவார். எல்லோரும் தூங்கிய பிறகு சில நாட்களில் சமையலறையில் மறுபடியும் ஒரு சுற்று.

வாரத்துக்கு மூன்று நான்கு நாள் இப்படி. இரண்டு வருடமாக நடக்கிறது. ஒரே கடையில் எல்லாவற்றையும் சாப்பிட்டால் கடைக்காரர் கணக்குப் பார்ப்பார் என்று கடை மாற்றுகிறார். போனில் பணம் அனுப்பினால் மனைவி பார்த்துவிடுவார் என்று இதற்கென்றே சில்லறை நோட்டு வைத்திருக்கிறார். "நிறுத்தணும்னு தோணும் மேடம், கை நிக்காது. ருசிகூட தெரியாது" என்றார்.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேட்டில் இப்படித் தின்பது மிகையுண்ணல் நோய் (binge eating disorder) என்று தனி நோயாக இடம்பெற்றது. மற்றவர்கள் அதே நேரத்தில் சாப்பிடுவதைவிட வெகு அதிகமாகச் சாப்பிடுவதும், அப்போது கட்டுப்பாடு போய்விட்டது என்ற உணர்வும் சேர்ந்து வர வேண்டும். குறைந்தது வாரம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் நடந்திருக்க வேண்டும். வேகமாக விழுங்குவது, வயிறு வலிக்கும்வரை தின்பது, பசியில்லாமலே தின்பது, வெட்கத்தால் தனியாகத் தின்பது, பின்பு தன்மீதே அருவருப்பு என்ற ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். இவரிடம் ஐந்தும் இருந்தன.

யோசிக்க வேண்டியிருந்த இடம் ஒன்று உண்டு. தின்றதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பேதி மருந்து சாப்பிடுவது, பட்டினி கிடப்பது வழக்கமாக இருந்தால் அது புலிமியா என்ற வேறு நோய். வாந்தியும் மருந்தும் இவருக்கு இல்லை. பகல் பட்டினியை எதில் சேர்ப்பது? தின்ற நாளுக்கு மறுநாள் மட்டும் பட்டினி என்றால் ஈடுகட்டல் என்று கொள்ளலாம். இவரோ முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும், வேலைநாள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தார். அதனால் மிகையுண்ணல் நோய் என்றே குறித்துக்கொண்டு, பட்டினியைக் கவனிக்க வேண்டிய விஷயமாகத் தனியே எழுதிவைத்தேன்.

தூக்கத்திலிருந்து எழுந்து தின்னும் பழக்கம் இல்லை. குடி இல்லை. மனச்சோர்வு லேசான அளவில் இருந்தது. உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டேன், இல்லை. சர்க்கரை மாத்திரை இன்னும் தொடங்கப்படவில்லை.

என்ன சிகிச்சை, ஏன்

வழிகாட்டலோடு கூடிய சுய உதவி என்று முடிவு செய்தோம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களின் மிகையுண்ணலுக்கு முதல் படியாகச் சொல்லப்படுவது இதுதான். எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் உத்திகளை நோயாளி தானே செய்துவர, ஒருவர் கூட இருந்து சரிபார்ப்பார். பதினாறு வாரத்தில் நான்கு முதல் ஒன்பது சந்திப்பு, ஒவ்வொன்றும் சுமார் இருபது நிமிடம். நான்கு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் குழுவாக நடத்தும் முழுச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் உணவுக் கோளாறுகளுக்கென்று தனிப் பிரிவு கிடையாது, இவருக்கும் விடுப்பு கிடைக்காது. இந்த இரண்டு காரணங்களும் இருந்தன என்றாலும், நோயின் நிலைதான் முக்கியக் காரணம். வாந்தி எடுப்பவர், இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர், கடும் மனச்சோர்வு உள்ளவர், கர்ப்பிணி, வளரிளம் பருவத்தினர் ஆகியோரை இந்த வழியில் அனுப்பியிருக்க மாட்டேன். மனது மோசமாகும் இரவுகளுக்கு என்று அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸின் எண் 14416ஐ மட்டும் போனில் பதிய வைத்தேன்.

இரண்டாவது முடிவுதான் சிக்கலானது. மருத்துவர் எடை குறைய வேண்டும் என்கிறார், நானோ எடை குறைப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். இருவரும் உட்கார்ந்து பேசினோம். மிகையுண்ணலுக்கான மனநலச் சிகிச்சை எடையைப் பெரிதாகக் குறைக்காது, எடை குறைவது அதன் இலக்கும் அல்ல என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் சாப்பாட்டைக் குறைக்கும் திட்டம் இரவு நேரத் தீனியைத் தூண்டிக்கொண்டே இருந்தால், சர்க்கரையும் குறையாது, எடையும் குறையாது. நான்கு மாதம் எந்தப் பத்தியமும் வேண்டாம், நடைப்பயிற்சி தொடரட்டும், மூன்றாம் மாதம் ரத்தம் பார்ப்போம், அளவு ஏறியிருந்தால் மாத்திரை என்று ஒப்புக்கொண்டோம். மருத்துவர் அரை மனதோடுதான் சம்மதித்தார். அவர் தயங்கியதிலும் நியாயம் இருந்தது.

நோயாளியைச் சம்மதிக்க வைக்க ஒரு பழைய ஆய்வைச் சொன்னேன். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். உடலும் மனதும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் குறிப்பு சேர்த்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு மன உறுதி இல்லைங்கறது காரணம் இல்லையா?" என்றார். இத்தனை வருடமாக அவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே விளக்கம் அதுதான்.

பதிவேடு

முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்லவில்லை, எழுத மட்டும் சொன்னேன். நேரம், என்ன சாப்பிட்டார், எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது. கட்டுப்பாடு போனதாகத் தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி. கலோரிக் கணக்கு கூடாது. இரவில் மொத்தமாக உட்கார்ந்து எழுதாமல் அந்தந்த நேரத்திலேயே எழுத வேண்டும், ஏனென்றால் இரவில் எழுதும்போது குற்ற உணர்ச்சிதான் கணக்கு எழுதும். நோட்டுப் புத்தகம் யார் கையிலாவது கிடைத்துவிடும் என்று பயந்து, போனில் கடவுச்சொல் போட்டு எழுதினார்.

தன் பிரச்சினைக்குக் காரணம் வேலை அழுத்தம் என்று அவர் நம்பியிருந்தார். வசூல் இலக்கு, மண்டல அலுவலகத்து அழைப்பு, இவைதான் பரோட்டா கடைக்குத் தள்ளுகின்றன என்பது அவர் கணிப்பு. பதிவேடு வேறு மாதிரி சொன்னது. நட்சத்திரம் விழுந்த நாளெல்லாம் காலையிலிருந்து மாலைவரை ஏறக்குறைய வெறும் வயிறு. மண்டல அலுவலகத்தில் வாங்கிக்கட்டிக்கொண்ட ஒரு நாள், பணி ஓய்வு விருந்து ஒன்றில் மதியம் இலை போட்டுச் சாப்பிட்டிருந்தார். அன்று நேராக வீட்டுக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு காலை இட்லி உண்டு, அன்றும் நட்சத்திரம் இல்லை. அழுத்தம் பொய்யல்ல. ஆனால் காய்ந்த வயிற்றில் விழும்போதுதான் அது தீனியாக மாறியது. இரவு எட்டு மணிக்கு நடப்பது காலை எட்டு மணிக்கே முடிவாகிவிட்டிருந்தது. இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

வேளைக்குச் சாப்பாடு

இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரப்படி சாப்பிட வேண்டும். பல வருடம் பசியை ஏமாற்றியவருக்குப் பசி, நிறைவு இரண்டுமே தொடக்கத்தில் சரியாகத் தெரியாது. எட்டு மணிக்கு டிபன், பதினொன்றுக்குச் சுண்டல், ஒன்றரைக்குக் கேரியர் முழுவதும், ஐந்து மணிக்கு வாழைப்பழமும் கடலையும், எட்டரைக்கு இரவுச் சாப்பாடு என்று அவரே அட்டவணை போட்டார்.

ஐந்து மணிச் சிறுதீனிதான் இருப்பதிலேயே முக்கியமானது. அதுதான் அடிக்கடி தவறியது. அந்த நேரத்தில் கணக்கு முடிக்கும் வேலை இருக்கும், பக்கத்து மேசைக்காரர் எதிரில் தின்னக் கூச்சம். கடைசியில் பெட்டக அறைக்குப் போய்வரும் வழியில் தின்றுவிடுவது என்று வைத்துக்கொண்டார். எடை கூடிவிடும் என்ற பயம் பெரிது. தினமும் பலமுறை எடை பார்த்துக்கொண்டிருந்தவரை வாரத்தில் ஒரே நாளுக்கு மாற்றினோம். அந்த மூன்று வாரத்தில் முள் பெரிதாக நகரவில்லை. நட்சத்திரங்களோ பாதிக்கும் கீழே போயின. நான்காவது வாரப் பரிசீலனையில் இதே வழியில் தொடரலாம் என்று முடிவானது.

உந்துதல் வரும் நேரம்

வேளைக்குச் சாப்பிட்டாலும் உந்துதல் அடியோடு போய்விடாது. ஏறும், கொஞ்ச நேரம் உச்சியில் நிற்கும், தின்னாவிட்டாலும் இறங்கும். இதை அனுபவித்துத் தெரிந்துகொள்ளவே, வந்த நேரத்தைக் குறித்துவிட்டு இருபது நிமிடம் தள்ளிப்போடும் பயிற்சி. அந்த நேரத்தில் செய்ய ஒரு பட்டியல் போட்டோம்.

பட்டியலில் பாதி தேறவில்லை. நண்பருக்குப் போன் செய்வது பயன்படவில்லை, "கிளம்பிட்டேன் மாப்ள" என்று பொய் சொல்லிக்கொண்டே கடையில் நின்றிருக்கிறார். மூச்சுப் பயிற்சியை ஓரிரு முறைக்கு மேல் அவர் செய்யவே இல்லை. வீட்டுக்குப் போனதும் குளிப்பது ஓரளவு உதவியது. எல்லாவற்றையும்விட உதவியது மகளை ஏழே முக்காலுக்கு டியூஷனிலிருந்து கூட்டிவரும் பொறுப்பை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டது. பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பைபாஸ் ஓரம் வண்டியை நிறுத்த முடியாது. என்னைக் கேட்டால் மன உறுதியை வளர்க்கும் உத்திகளைவிட, வழியை மாற்றும் இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

புரட்டாசியில் வீட்டில் அசைவம் கிடையாது. அந்த மாதம் முட்டைக் கொத்து நின்றதும், விரதம்தான் காப்பாற்றியது என்று சந்தோஷப்பட்டார். பதிவேட்டில் பேக்கரிச் செலவு கூடியிருந்தது.

மனைவிக்குத் தெரிந்தபோது

ஆறாவது வாரம் அவரே மனைவியிடம் சொன்னார். மனைவிக்கு ஏற்கெனவே பாதி தெரியும். வண்டிப் பெட்டியில் பேக்கரி உறைகளைப் பார்த்திருக்கிறார், கைக்காசு கரைவதையும் கவனித்திருக்கிறார். ஆனால் அவர் சந்தேகப்பட்டது வேறு விஷயத்தை. "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வருஷமா நான் தூங்காம கெடந்தேன்?" என்று அழுதாராம்.

அடுத்த சந்திப்புக்கு இருவரும் வந்தார்கள். தினமும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், கடைக்காரரிடம் சொல்லிவைக்கிறேன் என்று மனைவி ஆர்வமாக இருந்தார். வேண்டாம் என்றேன். காவல் போட்டால் ஒளிப்பது இன்னும் நுணுக்கமாகும். இரண்டு வேலைதான் கொடுத்தேன். அளவைப் பற்றி, கூடவோ குறையவோ, சாப்பாட்டு நேரத்தில் எதுவும் சொல்லக்கூடாது. ஐந்து மணிக்கான டப்பாவைக் காலையிலேயே பையில் வைத்துவிட வேண்டும். தாயாரிடம் விவரம் சொல்லவில்லை. இரவில் வற்புறுத்த வேண்டாம் என்று மட்டும் மகன் கேட்டுக்கொண்டார்.

பரோட்டாவை மீண்டும் இலைக்குக் கொண்டுவந்தது

இனி பரோட்டாவைத் தொடவே மாட்டேன் என்பது அவர் தனக்குப் போட்டிருந்த சபதம். அதைக் கைவிடச் சொன்னேன். 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனை இங்கே பொருந்தும். பத்தியத்தில் இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விதி ஒருமுறை உடைந்தால் மிச்சமும் போகட்டும் என்று விட்டுவிடுகிற மனநிலை. இவருடைய பதிவேட்டில் அது அப்படியே இருந்தது: "ஒண்ணு தின்னாச்சு, இனிமே என்ன, நாளையிலேர்ந்து பாத்துக்கலாம்."

ஐப்பசி பிறந்ததும், ஒரு சனிக்கிழமை மதியம் வேளைக்குச் சாப்பிட்ட நாளாகப் பார்த்து, மாலையில் குடும்பத்தோடு கடையில் உட்கார்ந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக உட்கார்ந்து தின்ற பரோட்டா. "சூடா இருந்தா நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா நான் நெனச்ச அளவுக்கு இல்லை" என்றார்.

சறுக்கல்

அதே மாதம் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் பெரியவர் ஒருவர், "பேங்க் சாப்பாடு மாப்பிள்ளைக்கு நல்லா ஒத்துக்கிச்சு போல" என்று சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பாதியிலேயே கையைக் கழுவிவிட்டார். அன்றிரவு இரண்டு கடை, பேக்கரி, சமையலறை என்று எல்லாம் நடந்தது. மறுநாள் காலை டிபனை ஒதுக்கிவிட்டு எனக்குப் போன் செய்தார், "எல்லாம் போச்சு" என்று.

அடுத்த வேளை எப்போது என்று கேட்டேன். பதினொன்றுக்குச் சுண்டல் என்றார். அதைச் சாப்பிடுங்கள், இன்று வேறு எதையும் சரிசெய்ய வேண்டாம் என்றேன். மறுநாளும் தடுமாற்றம் இருந்தது, அதற்கடுத்த நாள் அட்டவணைக்குத் திரும்பினார். முன்பெல்லாம் இப்படி ஒரு சறுக்கல் புதிதாக ஒரு பத்தியத்தில் போய்த்தான் முடியும்.

கார்த்திகை மாலை

ஒவ்வொரு வருடமும் அவர் சபரிமலைக்கு மாலை போடுபவர், 41 நாள் விரதம். முந்தைய வருடங்களில் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து, மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய வாரத்திலேயே மோசமான இரவுகள் வந்திருக்கின்றன. மாலை போடாதீர்கள் என்று சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அது அவருக்கு ஆண்டின் முக்கியமான காலம், சொன்னாலும் கேட்கமாட்டார். குருசாமியிடம் உடல்நிலையைச் சொல்லி ஆலோசிக்கச் சொன்னேன். சைவச் சாப்பாடு, பூஜை, ஒழுக்கம் தவறக்கூடாது, வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, காலையும் இரவும் பலகாரம், மதியம் சாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று குருசாமி சொல்லிவிட்டார். அட்டவணை அப்படியே நின்றது. மலையேறும் நாளுக்குக் கூடுதல் சிறுதீனி மட்டும் சேர்த்தோம்.

விளைவு

பதினாறு வாரம் முடிந்தபோது, கடைசி ஒரு மாதத்தில் ஒரே ஒரு நட்சத்திரம். மனச்சோர்வு மதிப்பெண் இயல்பு அளவுக்கு வந்திருந்தது. மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு 5.9. மாத்திரை தேவைப்படவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு இரவுகள் தவறின. இரண்டுமே மார்ச் மாதக் கணக்கு முடிப்பில், ஐந்து மணி டப்பா வீட்டுக்கே திரும்பி வந்த நாட்களில்.

எடை ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கிறது. இதில் அவருக்கு ஏமாற்றம், அதை மறைக்காமல் சொன்னார். இன்னும் வேகமாகத்தான் சாப்பிடுகிறார். அலுவலகத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது இன்னும் கைகூடவில்லை. உடம்பைப் பற்றிய கூச்சத்துக்குத் தனியாகச் சில சந்திப்புகள் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை மாற்றுபவை

நோயாளி சம்மதித்தால் துணையை இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்கே அழைக்கலாம். இந்த வீட்டில் ரகசியம் தனியாக ஒரு சேதத்தைச் செய்துகொண்டிருந்தது. மாலைச் சிறுதீனி எங்கே, எப்படி, யார் கண்ணில் படாமல் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். பந்தியில் யாராவது உடம்பைப் பற்றிப் பேசினால் என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வேண்டும். தமிழ்க் குடும்ப விசேஷம் எதிலும் அது நடக்காமல் இருக்காது. எடை மாறாமல் போகலாம் என்பதை முதல் நாள் மட்டுமல்ல, மாதம் ஒருமுறையாவது சொல்ல வேண்டும்.

அனுப்பிவைத்த மருத்துவரும் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். சர்க்கரைக்காக வருபவர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், பத்தியத் தாளைக் கொடுக்கும் முன் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறார்: நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்ட நேரம் உண்டா, யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது உண்டா. ஆம் என்பவர்களுக்கு அன்று பத்தியத் தாள் கொடுப்பதில்லை.